மூக்கின் வேலையை மெஷினிடம் கொடுத்தபோது...

சென்னைக்காரர்களிடம் ''வீட்டுக்கு ஹியூமிடிஃபையர் வாங்கியிருக்கிறோம்'' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். குளித்துத் துவட்டி முடிப்பதற்குள் மறுபடி வியர்த்து நனைகிற ஊர் இது. பொரித்த அப்பளம் பத்து நிமிடத்தில் நமத்துப் போகும். ஜாடியில் உப்பு கசியும். இந்த ஊரில் காற்றை ஈரமாக்க ஒரு மெஷினா? கடலுக்கு உப்பு வாங்கிப் போடுகிற கதையாக இருக்கிறதே என்பார்கள்.

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டில் அந்த மெஷின் 2023-ல் இருந்து ஓடுகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்து அறைக்குள் ஆவியாக விடுகிற சாதாரண மெஷின்தான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'ஆவி மெஷின்'. ஆடம்பரத்துக்கோ சருமம் பளபளக்கவோ வாங்கவில்லை. அப்பாவின் மூச்சுக்காக வாங்கினோம்.

அந்த வருடம் ஜனவரியில் அப்பாவின் குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். இந்த அறுவை சிகிச்சையில் மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கழுத்தில் ஒரு துளையாகக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அதன்பிறகு மூச்சு போவதும் வருவதும் அந்தத் துளை வழியாக மட்டும்தான். மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. பேச்சு போய்விடும் என்பதை டாக்டர் முன்கூட்டியே சொல்லி எங்களைத் தயார் செய்திருந்தார். அப்பாவும் ஒரு சிலேட்டும் வாட்ஸ்அப்புமாகச் சீக்கிரமே பழகிக்கொண்டார். மூக்கு இத்தனை காலம் சத்தமில்லாமல் எவ்வளவு வேலை பார்த்திருக்கிறது என்பதுதான் அதன்பிறகு எங்களுக்குப் புரிந்தது.

நாம் இழுக்கிற காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும், எவ்வளவு காய்ந்திருந்தாலும், மூக்கும் தொண்டையும் அதை வடிகட்டி, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, முழுக்க ஈரமாக்கித்தான் உள்ளே அனுப்புகின்றன. நுரையீரலுக்குள் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 44 கிராம் நீராவி இருக்கும். நம்மூரில் 30 டிகிரி வெயிலும் 75 சதவிகித ஈரப்பதமும் இருக்கிற நாளில், வெளிக்காற்றிலேயே சுமார் 23 கிராம் இருக்கிறது. பாதி வேலையை ஊரே செய்துவிடுகிறது. மீதியை மூக்கு பார்த்துக்கொள்கிறது. ஆனால், 24 டிகிரியில் ஏசி ஓடும் அறையில் ஈரப்பதம் 45 சதவிகிதத்துக்கு இறங்கினால், அதே ஒரு கன மீட்டர் காற்றில் 10 கிராம்தான் மிஞ்சும். மிச்சமெல்லாம் ஏசி குழாய் வழியாக வெளியே சொட்டிக்கொண்டிருக்கும். நமக்கு இதனால் பெரிய கஷ்டமில்லை. உதடு கொஞ்சம் காயும், அவ்வளவுதான். மூக்கைக் கடக்காமல் நேராகக் கழுத்து வழியாக அந்தக் காற்றை இழுக்கிறவருக்குச் சளி காய்ந்து பொருக்காகிவிடும்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும். அப்பா படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் பூஜை மணி விடாமல் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் உட்கார்ந்தபடி இருமிக்கொண்டிருக்கிறார். இருமலில் சத்தம் கிடையாது. காற்று சீறுவது மட்டும் கேட்கும். முகம் கறுத்துப்போயிருந்தது. துளைக்குள் சளி காய்ந்து அடைத்திருந்தது. நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தபடி அம்மா சலைன் சொட்டுவிட்டார். நான் டார்ச் பிடித்தேன். நாலைந்து இருமலுக்குப் பிறகு ஒரு பொருக்கு வெளியே வந்து விழுந்தது. அப்பா மூச்சை இழுத்துவிட்ட அந்த நொடி வரைக்கும் நாங்கள் இருவருமே மூச்சு விட்டோமா என்பது நினைவில்லை.

மறுநாள் டாக்டர் இரண்டு விஷயங்கள் சொன்னார். ''கழுத்துக்கு முன்னால எப்பவும் ஈரமான மெல்லிசுத் துணி தொங்கட்டும். ஏசி போடுற ரூம்ல காத்து காயாம பாத்துக்குங்க.'' முதல் விஷயத்துக்கு அம்மாவின் பழைய மல் துணி போதும். இரண்டாவதற்குத்தான் மெஷின் தேவைப்பட்டது.

ஏசியே வேண்டாமே என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் யோசித்தோம். ஆனால், சித்திரை வைகாசியில் ஜன்னலைத் திறந்துவைத்தால் ஏரிக்கரைக் கொசு முழுக்க உள்ளே வரும். கழுத்தில் திறந்த துளையோடு தூங்குகிறவர் அறையில் கொசுவையும் பூச்சியையும் விட முடியுமா? மூடிவைத்தால் வேகும். ஏசி போட்டால் காயும்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றும். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம். டாக்டர் சௌரி முத்து 1928-ல் இங்கே காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த ஆரோக்கிய நிலையம்தான் அந்தப் பெயருக்குக் காரணம். 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில் நுரையீரல் நோய்க்கு வைத்தியமே திறந்தவெளிக் காற்றும் வெயிலும் ஓய்வும்தான். காற்றுக்காக நோயாளிகள் தேடி வந்த ஊரில், ஒரு மனிதருக்கு ஏற்ற காற்றை நாங்கள் அறைக்குள் காய்ச்ச வேண்டியிருக்கிறது.

மெஷின் வாங்கும்போது இரண்டு வகை முன்னால் நின்றன. ஒன்று, அதிர்வில் தண்ணீரைத் துகளாக்கிக் குளிர்ந்த புகைபோல விடுவது. விலை குறைவு, கரண்ட் செலவும் குறைவு, சுடாது. ஆனால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பையும் அது சேர்த்தே காற்றில் வீசும். டிவி மேலும் கண்ணாடி மேலும் வெள்ளைத் தூசு படியும். தொட்டியைச் சரியாகக் கழுவாவிட்டால் அதில் வளர்ந்த கிருமியும் கூடவே பறக்கும். இன்னொன்று, கொதிக்கவைக்கும் மெஷின். உப்பு பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும், கொதியில் கிருமி செத்துவிடும். கரண்ட் தின்னும், கை பட்டால் சுடும். கழுத்துத் துளைக்கு நேரே வீட்டுத் தூசியைக்கூட விடக் கூடாது என்கிற நிலைமையில் எங்களுக்கு இரண்டாவதுதான் சரியாகப் பட்டது. டாக்டரும் சரி என்றார்.

மெஷின் வந்த அன்று அப்பா அதை ஓட்டவிடவில்லை. சிலேட்டில், 'எந்தத் தண்ணி?' என்று எழுதிக் காட்டினார்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். விழுப்புரம் லோகோ ஷெட்டில் நீராவி இன்ஜின்களோடு வாழ்க்கையை ஆரம்பித்தவர். பிறகுதான் தாம்பரத்துக்கு மாறி, மின்சார ரயில் ஷெட்டில் ரிடையர் ஆனார். நீராவி இன்ஜினுக்குப் பெரிய எதிரி தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு என்பார். கொதிக்கக் கொதிக்கச் சுண்ணாம்பு குழாய்களில் அடையாகப் படியும். அடை படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது. இரும்பிலேயே தங்கி இரும்பைக் கெடுக்கும். அதனால்தான் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாய்லரை ஆறவைத்து, திறந்து, கழுவி விடுவார்கள். 'வாஷ் அவுட்' என்பார் அப்பா.

அன்று அவர் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் கேட்டார். ஒன்றில் எங்கள் ஃபிளாட்டின் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர். இரண்டையும் அடுப்பில் வைத்து வற்றக் காய்ச்சினார். கேன் தண்ணீர் டம்ளரில் லேசான ஒரு வளையம். போர் தண்ணீர் டம்ளரின் அடியில் கோலமாவு கொட்டியதுபோல வெள்ளை. என் பையன் அதை விரலால் தொட்டு, ''தாத்தா, இதையா நாம குளிக்கிறோம்?'' என்றான்.

டி.டி.எஸ். மீட்டரில் போர் தண்ணீர் மே மாதம் 1,100 காட்டியது. அதாவது ஒரு லிட்டரில் 1,100 மில்லிகிராம் கரைந்த உப்பு. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்கு. மழைக்குப் பிறகு எங்கள் போரில் இது 700-க்கு இறங்கும். தென்சென்னைப் புறநகரில் போர் தண்ணீரோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது புதிதல்ல. நம் வீட்டு கீசரும் பக்கெட்டும் குளியலறை டைல்ஸும் இதே கதையைத்தான் சொல்கின்றன. ராத்திரிக்கு 2 லிட்டர் ஆவியானால், போர் தண்ணீரில் மாதத்துக்கு 66 கிராம் உப்பு மெஷினுக்குள் மிஞ்சும். 60 காட்டுகிற கேன் தண்ணீரில் 4 கிராம்கூட வராது. கணக்கைப் பார்த்ததும் மெஷினுக்குக் கேன் தண்ணீர்தான் என்று முடிவாகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சின்ன பிளாஸ்டிக் ஆவி மெஷின்களில் சிலவற்றுக்கு இது பொருந்தாது. கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு ஒன்று வாங்கினோமே, அவற்றில் பல தண்ணீருக்குள்ளேயே மின்சாரத்தைப் பாய்ச்சிச் சூடாக்குகிறவை. உப்பே இல்லாத ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, ஆவி வராது. 'மெஷின் ரிப்பேர்' என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அதனால்தான் ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்கிறார்கள். உப்புக் கரித்த போர் தண்ணீரை ஊற்றினால் தாறுமாறாகக் கொதித்துத் தெறிக்கும். அந்த வகையில், பிளக் மாட்டியிருக்கும் வரை தண்ணீரிலேயே கரண்ட் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றாமல் மூடியைத் திறக்கவே கூடாது. எங்களுடையது அடியில் சூடாகும் தட்டு உள்ள வகை. அதற்கு உப்பு தேவையில்லை.

மெஷின் வந்த செய்தி கேட்டதும் கும்பகோணத்திலிருந்து பெரியம்மா வந்தார். கையோடு ஒரு பை நொச்சி இலையும், ஒரு பாட்டில் நீலகிரித் தைலமும். ''தண்ணில ரெண்டு சொட்டு விடுங்கடி, சளியெல்லாம் இளகி வந்துரும்'' என்றார். பாசத்தில் குறையே இல்லை. ஆனால், நமக்கு மூக்கில் இதமாக ஏறும் தைலம், அப்பாவுக்கு நேரே மூச்சுக்குழாயில் இறங்கும். எரியும், இருமல் கிளம்பும். மெஷினின் பிளாஸ்டிக்கையும் தைலம் அரித்துவிடும். போர்வை மூடி ஆவி பிடிப்பதிலும் அவருக்குப் பயனில்லை. மூக்கில் ஏறுகிற ஆவிக்கு நுரையீரலுக்குப் போக வழி இல்லையே. அப்பா சிலேட்டில் எழுதினார்: 'அண்ணி, தைலத்தை முழங்காலுக்குக் குடுங்க.' பெரியம்மா சிரித்துக்கொண்டே அன்று ராத்திரி தன் முழங்காலுக்கே தேய்த்துக்கொண்டார். நொச்சி இலை கொசுவுக்குப் புகை போடப் பயன்பட்டது, அதுவும் மாடியில்.

மெஷினைக் கவனித்துக்கொள்வது முழுக்க அப்பாவின் இலாகா. நாங்கள் யாரும் தலையிடுவதில்லை. கட்டிலிலிருந்து ஆறடி தள்ளி, தரையோடு தரையாக, சுவர் மூலையில் அது உட்கார்ந்திருக்கும். ஆவி நேரே கழுத்தின் மேல் வரக் கூடாது. அறைக்காற்றில் கலந்துதான் வர வேண்டும். பேரன் தாண்டக் கூடாத இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறார். காலையில் எழுந்ததும் பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். ராத்திரி முழுக்க வற்றிய தண்ணீரில் உப்பு கெட்டியாகியிருக்கும். அதன் மேலேயே புதுத் தண்ணீர் ஊற்றினால் கேன் தண்ணீர் வாங்கியதற்கு அர்த்தமே இல்லை. பிறகு துடைத்துக் கவிழ்த்துக் காயவைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை 'வாஷ் அவுட்'. ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர். அல்லது மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு ஒரு ஸ்பூன். அரை மணி நேரம் ஊறவைத்தால் படிந்த சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுவார். கத்தியால் சுரண்டுவதும் கம்பி நாரும் தடை. தட்டில் கீறல் விழுந்தால் அடுத்த அடை அங்கேதான் முதலில் பிடிக்கும் என்பது ஷெட் அனுபவம். குரல் போனபிறகு அப்பாவை வீட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'நீங்க உட்காருங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த ஒரு வேலையில் மட்டும் அவர் எங்களை உட்காரச் சொல்வார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க முக்கால் யூனிட் மின்சாரம் வேண்டும். ராத்திரிக்கு 2 லிட்டர் என்றால் ஒன்றரை யூனிட். இரண்டு மாத பில்லில் 80 யூனிட்டுக்கு மேல். அது மட்டுமில்லை. மெஷின் விடுகிற ஆவியையும் சூட்டையும் ஏசி மறுபடி இழுத்து வெளியே தள்ளுகிறது. அப்பா ஒருநாள் ஏசி குழாயின் கீழே பக்கெட் வைத்து அளந்துவிட்டு, 'உள்ளே ஊத்தறோம், வெளியே ஊத்துது' என்று எழுதினார். அதன்பிறகு ஏசியை 24-லிருந்து 27-க்கு ஏற்றி, மெதுவாக ஒரு ஃபேன் போட்டோம். சில நூறு ரூபாய்க்கு வாங்கிய ஈரப்பத மீட்டர் 44-லிருந்து 55-க்கு வந்தது. 60-ஐத் தாண்ட விடுவதில்லை. தாண்டினால் மூடிய அறையில் சுவர் ஓரம் பூஞ்சை கிளம்பும். அது மூச்சுக்கு இன்னொரு வில்லன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். நான்காம் தேதி விடிந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை. ஏசி இல்லை, மெஷினும் இல்லை. இரண்டு ராத்திரி எப்படிப் போகுமோ என்று சலைன் பாட்டில்களை எண்ணிப் பார்த்தேன். அம்மா ஈரத் துணிகளை வரிசையாகப் பிழிந்துவைத்தார். ஜன்னலைத் திறந்து கொசுவலையை இறக்கிவிட்டோம். ஈர மீட்டர் 90-ஐத் தாண்டி நின்றது. அப்பா அந்த இரண்டு ராத்திரியும் ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. காலையில் சிலேட்டில் பார்த்தேன்: 'மெஷின் வேண்டாம். ஊரே மெஷின்.'

அந்தத் தண்ணீர் வடிந்ததும் செய்த முதல் காரியம், அப்பா அறையின் இரண்டு ஜன்னல்களுக்கும் கொசுவலை ஃபிரேம் அடித்ததுதான். இப்போது ஐப்பசியிலிருந்து மாசி வரை ஜன்னல் திறந்திருக்கும். மெஷின் கழுவிக் காயவைத்து, துணி சுற்றிப் பரணில் இருக்கும். பங்குனி பிறந்தால் இறங்கும். இவ்வளவு ஈரத்தை இலவசமாகக் கொடுக்கிற ஊரில், ஊர்க்காற்றை உள்ளே விட முடிகிற நாளெல்லாம் விட்டுவிட வேண்டும். முடியாத நாளுக்குத்தான் மெஷின் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா போல மூச்சுக்கு வேறு வழி அமைத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த மெஷின், எவ்வளவு ஈரம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீரையும் கழுவுவதையும் மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கீழ்வீட்டுப் பெண் வந்தாள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மூக்கடைப்பு. ''தாத்தா மெஷின் மாதிரியே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்'' என்றாள். அப்பா சிலேட்டை எடுத்தார். வழக்கமான கேள்வியைக் கேட்பார் என்று நினைத்தேன். 'நடக்க ஆரம்பிச்சாச்சா?' என்று எழுதிக் காட்டினார். ''ஓடறா தாத்தா'' என்றாள் அவள். அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: 'அப்ப கொதிக்கிற மெஷின் வேண்டாம். குழந்தை இழுத்துடும். டாக்டரைக் கேளு. குளிர்ந்த வகை சொன்னார்னா, தண்ணியும் கழுவுறதும் நான் சொல்லித் தரேன்.'

அவள் படித்துவிட்டு, தினமும் கழுவ வேண்டுமா என்று கேட்டாள். அப்பா பிரஷ்ஷைத் தேடி எழுந்து போனார்.